வற்றிய ஆற்று மடுவில் மீனைப் பிடித்து விட்டால் போதுமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். 24 வயது என்று எழுதியிருப்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வாரமாக மழை இல்லை, ஆறு முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது, மேலே ஒரு மடுவில் செபாராவ், கெலா என்ற ஆற்று மீன்கள் கூட்டமாக ஒதுங்கி நிற்கின்றன. அங்கே ஃப்ளை தூண்டிலில், அதாவது நூலும் இறகும் கட்டிய போலி இரையை வீசிப் பிடிக்கும் தூண்டிலில், ஒரே நாளில் 14 மீன் பிடித்து, எல்லாவற்றையும் உயிரோடு விட்டுவிட்டீர்கள். வட்டாரச் செய்திப் பக்கம் நடத்தும் ஒருவர் அதைப் படத்தோடு போட ஆசைப்படுகிறார். இதற்கிடையில் அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங் செய்திகளில் தண்ணீர் குறைந்தால் ஆற்றை விட்டுவிடு என்று படித்திருக்கிறீர்கள். அது அவர்கள் ஊர் டிரவுட் மீனுக்குச் சொன்னது, நம் ஊருக்குப் பொருந்துமா என்பது கேள்வி. கேள்வி அப்படி இருந்தாலும் உங்கள் மனதை உறுத்துவது வேறு என்று எனக்குப் படுகிறது. மீனைத்தான் விட்டுவிட்டேனே, அப்புறமும் என் மேல் தப்பு உண்டா என்று கேட்கிறீர்கள். அந்த மடுவில், இப்போதுள்ள தண்ணீரில், உண்டு என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்கிறேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இருபத்தாறு வருஷம் ஆற்று அளவைகளோடுதான் பிழைப்பு. பாலங்களில் நீர்மட்டக் கருவி பொருத்துவது, அளவுப் பலகையைக் கழுவிப் படிப்பது, வெள்ளத்துக்குப் பிறகு சேறு அள்ளுவது, இதெல்லாம் என் வேலையாக இருந்தது. ஃப்ளை தூண்டில் பிடித்து இருபது வருஷம் ஆகிறது. தண்ணீரைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மீனின் உடம்பைப் பற்றிச் சொல்வது படித்ததும் பார்த்ததும்தான். எது ஆய்வு, எது என் கைப்பழக்கம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

நீங்கள் படித்த செய்திகளில் வரும் எண்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஆற்றை வினாடிக்கு இத்தனை கன அடி என்று எழுதுவார்கள். ஒரு கன அடி கிட்டத்தட்ட 28 லிட்டர். அது ஓடுகிற தண்ணீரின் அளவு. ஆயிரக்கணக்கான இடங்களில் கருவி வைத்து, பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்து, பொதுமக்கள் பார்க்கும்படி போடுகிறார்கள். அதனால் அங்கே ஒரு மீன்பிடிச் செய்தியாளர் ஆற்றைப் பற்றி எழுதினால் முதல் பத்தியிலேயே நீரோட்டம் எவ்வளவு, வழக்கத்தை விடக் கூடவா குறைவா, தண்ணீரின் சூடு என்ன என்று வந்துவிடும். பிடித்த மீன் பிறகுதான் வரும்.

நம் நாட்டில் ஜேபிஎஸ், அதாவது நீர்ப்பாசன வடிகால் துறை, பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் என்ற தளத்தில் ஆற்று மட்டத்தைப் போடுகிறது. நல்ல சேவை, நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் தூண்டில்காரர்கள் அதை இரண்டு விதமாகத் தப்பாகப் படிக்கிறார்கள். முதலாவது, அங்கே மீட்டரில் வரும் எண் ஆற்றின் ஆழம் இல்லை. கடல் மட்டத்தை அடிப்படையாக வைத்து எடுத்த உயரம் அது. 52.30 என்று போட்டிருந்தால் ஐம்பத்திரண்டு மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில் ஆற்றின் மேற்பரப்பு கடல் மட்டத்துக்கு அவ்வளவு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். அடியில் இருக்கும் மணல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஆழம் தெரியும், மணலோ வெள்ளத்துக்கு வெள்ளம் மாறும். ஓட்டத்தின் அளவும் அந்த எண்ணில் நேராகக் கிடைக்காது.

இரண்டாவது, மோசமானது. சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலை இருக்கிறது இல்லையா, அவை வெள்ளத்துக்காக வகுத்தவை. பச்சையில் சாதாரணம் என்று காட்டினால் வெள்ள ஆபத்து இல்லை என்று பொருள். ஆறு எலும்பும் தோலுமாக வற்றிக் கிடந்தாலும் அது பச்சைதான் காட்டும். "இன்ஃபோபஞ்சிர்ல நார்மல்தானே அண்ணே" என்று உங்களைப் போலவே பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பாலத்துக்குக் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரருக்கு அது நார்மல். அந்த எண்ணைப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. அதே நிலையத்தில் வாரக்கணக்காக எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் ஏற்ற இறக்கம் பழகிவிடும், இன்றைய எண் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் சூடு. நீங்கள் படித்தது அநேகமாக மோன்டானா மாநிலத்து விதியாக இருக்கும். கோடையில் தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் 73 ஃபாரன்ஹீட்டை, அதாவது கிட்டத்தட்ட 23 செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை சில ஆறுகளில் மீன்பிடிக்கத் தடை போடுவார்கள். ஆந்தை விதி என்று அதற்குப் பேர். வறண்ட கோடையில் காட்டில் தீப்பிடிக்கும் என்று பயந்து, மரம் வெட்டுபவர்கள் ஆந்தை கத்தும் விடியற்காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டதிலிருந்து வந்த பேர். நம் தோட்டத்து ஆட்களுக்கு இது புது விஷயம் இல்லை. இருட்டிலேயே பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவியவர்கள் நம் அம்மா அப்பா. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் சீக்கிரம் நின்றுவிடும். உயிருள்ளதற்கெல்லாம் ஒரு நேரம் உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அந்த 23 என்ற எண்ணை அப்படியே நம் ஆற்றுக்குக் கொண்டுவர முடியாது. டிரவுட் குளிர்நீர் மீன், 20 தாண்டினாலே திணறும். நம் கெலாவும் செபாராவும் அதற்கு மேற்பட்ட சூட்டில் பிறந்து வளர்பவை. அதனால் இத்தனை டிகிரியில் நிறுத்துங்கள் என்று நம் மீனுக்கு ஓர் எண்ணை யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது தண்ணீரின் இயல்பு. 20 செல்சியஸில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 செல்சியஸில் சுமார் 7.5 தான். சூடு ஏறும்போது மீனுக்குத் தேவைப்படும் காற்றோ கூடுகிறது. மலையோரக் காட்டுக்குள் கையை விட்டால் சில்லென்று இருக்கும் அதே ஆறு, நிழல் இல்லாத செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு நடுவே வந்ததும் மத்தியானம் வெதுவெதுப்பாக ஆகிவிடுவதை நீங்களே கால் வைத்து உணர்ந்திருப்பீர்கள்.

இப்போது உங்கள் மடுவுக்கு வருகிறேன். ஆறு ஓடும்போது கல்லில் மோதி, நுரைத்து, காற்றை வாங்கிக்கொண்டே வருகிறது. ஓட்டம் சுருங்கினால் அந்தக் காற்று குறைகிறது. மீனெல்லாம் ஆழமான ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. இரவில் பாசியும் காற்றை இழுப்பதால், தேங்கிய மடுவில் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். சூட்டுக்காக விடியற்காலையில் போ என்ற அறிவுரை ஓடும் தண்ணீருக்குச் சரி, தேங்கிய மடுவுக்கு அதுவும் உதவாது. மீனுக்கு மேலே போகவும் வழியில்லை, கீழே போகவும் வழியில்லை. அங்கே நீங்கள் பிடித்த 14 மீனில் ஒரே மீன் இரண்டு தடவை மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நிறைந்து ஓடும் ஆற்றில் மீன் தேடிப் பிடிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், காட்டில் மான் தேடுவதற்கும் பட்டியில் அடைபட்ட ஆட்டைப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, உங்கள் வீச்சு நன்றாக இருப்பது நீங்கள் போட்ட படத்திலேயே தெரிகிறது.

2016 மார்ச், ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? எல் நினோ வறட்சி. நானும் அப்படி ஒரு மடுவைக் கண்டுபிடித்தேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணி வரை ஏழு செபாராவ், இரண்டு கெலா. இரண்டாவது கெலா இரண்டு கிலோ இருக்கும். மெல்லிய தூண்டில் நரம்பு என்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தேன். கரைக்குக் கொண்டுவந்து, சூடேறிய கல் மேல் வைத்து, கைப்பேசியைத் தேடி, உள்ளங்கையில் தூக்கி மூன்று படம். செதில் ஒவ்வொன்றும் பெருவிரல் நகம் அளவு, ஓரத்தில் செம்பு நிறம். தண்ணீரில் விட்டதும் வாலை ஒரு தடவை அடித்துக்கொண்டு போனது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அளவுப் பலகை பார்க்க அதே வழியாகப் போனபோது மடுவின் வால் பக்கம், இரண்டு கல்லுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அந்தக் கெலாதான். மேலுதட்டின் இடது ஓரத்தில் என் கொக்கி கிழித்த இடம் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு செபாராவும் கிடந்தது. அது நான் பிடித்ததா, தானாகச் செத்ததா என்று என்னால் சொல்ல முடியாது. கெலா என்னால் செத்தது. அதை விட்டுவிட்டேன் என்று முந்தின நாள் ராத்திரி நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

ஓடிப்போன மீன் பிழைத்த மீன் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இதைப் பற்றி ஆய்வுகள் உண்டு. 1992இல் கனடாவில் வானவில் டிரவுட்டை வைத்து ஒரு சோதனை வெளிவந்தது. களைக்கும் வரை விரட்டி, காற்றில் வைக்காமல் விட்ட மீன்களில் 12 மணி நேரத்துக்குள் 12 சதவீதம் செத்தன. களைத்த பிறகு 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். 60 வினாடி வைத்தவற்றில் 72 சதவீதம். பயமுறுத்தும் கணக்கு. ஆனால் அதையும் சரியான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஆய்வுக்கூடச் சோதனை, ரத்தம் எடுப்பதற்காக அந்த மீன்களின் உடம்பில் குழாய் செருகியிருந்தார்கள். பிறகு வெளி ஆறுகளில் செய்த பல ஆய்வுகளில் சாவு இதைவிட வெகு குறைவு. கெலாவின் நெருங்கிய உறவான மகசீர் மீனைக் காவிரியில் பிடித்து விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. விட்ட மீன்களில் மிகப் பெரும்பாலானவை பிழைத்தன. நீண்ட நேரம் இழுக்கப்பட்டவை அதிகம் தடுமாறின. ஆக, கெலா எளிதில் சாகிற மீன் என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டம் உள்ள ஆற்றில், சீக்கிரம் கரை சேர்த்து, தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றினால் தாங்கிக்கொள்ளும். மூன்று வாரம் வற்றிய மடுவுக்கு அந்த நல்ல கணக்கைக் கொண்டுவந்து சமாதானம் சொல்வதுதான் சரியில்லை.

பிடிக்கும் முறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொக்கியின் முனையில் எதிர்ப்பக்கமாக நிற்கும் சின்ன முள்ளைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். நசுக்கினால் மீன் தப்பிவிடும் என்பார்கள். நரம்பை இறுக்கமாக வைத்திருந்தால் அவ்வளவாகத் தப்பாது, இது என் அனுபவம். மீனுக்கு ஏற்ற கனமான நரம்பு போடுங்கள், நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள், உலர்ந்த கை அதன் உடம்பு வழவழப்பைத் துடைத்துவிடும். செவுளுக்குள் விரல் விடக் கூடாது. படம் வேண்டுமென்றால் கூட்டாளி கைப்பேசியைத் தயாராக வைத்திருக்கட்டும், மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும், தூக்கியதும் சொட்டும் தண்ணீர் நிற்பதற்குள் இறக்கிவிடுங்கள். தனியாகப் போனால் படமே வேண்டாம்.

செம்பனைப் பழம் கட்டிப் பிடிப்பதை விட ஃப்ளை உயர்ந்தது என்று உங்கள் பதிவில் ஒரு வரி இருந்தது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கெலாவுக்குச் செம்பனைப் பழம் நம் ஆட்கள் தலைமுறையாகப் போடும் இரை. செம்மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றி, பழம் மாதிரியே ஃப்ளை கட்டி நானும் வீசுகிறேன். பழம் போட்டு ஒரு கெலா பிடித்து, புளி கரைத்துக் குழம்பு வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவரை விட, 14 மீனை ஒரே மடுவில் கொக்கி மாட்டி விட்டவர் ஆற்றுக்கு நல்லது செய்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெடி, விஷம், மின்சாரம் வைத்துப் பிடிப்பது வேறு கதை. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அவை குற்றம், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆற்று மீன்பிடிப்புக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனி விதிகளும் உண்டு, ஈப்போ போகும்போது மீன்வளத் துறை அலுவலகத்தில் ஏறி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, செய்திக்காரர் விஷயம். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். சில வருஷத்துக்கு முன்னால் நண்பர் ஒருவர் பிடித்த கெலாவை ஒரு பக்கம் போட்டது. இடத்தின் பேர் போடவில்லை. ஆனால் படத்தில் மீனுக்குப் பின்னால் தொங்கு பாலமும், அதன் ஓரத்தில் நீலத் தண்ணீர்க் குழாயும் தெரிந்தன. ஊர்க்காரர்களுக்கு அது போதாதா? அடுத்த சனிக்கிழமை பாலத்தடியில் பதினொரு கார் நின்றது. வந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல தூண்டில்காரர்கள்தான். மூன்றாவது வாரம் ராத்திரியில் பேட்டரியும் வலைக்கம்பியுமாக வந்தவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. கெலா கிலோ பல நூறு வெள்ளிக்குப் போகிற மீன், அது ஒரு மடுவில் அடைபட்டுக் கிடக்கிறது என்று விளம்பரம் செய்தால் யார் வருவார்கள் என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பாலத்தடி மடுவில் அதற்குப் பிறகு நான் கண்டது குஞ்சுகளைத்தான். அந்தச் செய்திதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அந்த வருஷம் மேலே மரம் வெட்டி ஆறு கலங்கியும் ஓடியது. ஆனால் கார்களை நான் கண்ணால் எண்ணினேன்.

ஆகவே இப்போது படம் கொடுக்காதீர்கள். செய்தியே வேண்டாம் என்று சொல்லவில்லை, நம் மொழியில் ஆற்றைப் பற்றி எழுத வருகிறவர் அபூர்வம், அவரை விரட்டிவிட வேண்டாம். அவரிடம் வேறு செய்தி கொடுங்கள். மூன்று வாரமாக ஆறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். செம்பனை ஆலைக் கழிவு இதே நேரத்தில் ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்று எழுதட்டும். ஆலையிலிருந்து வரும் சுத்திகரிக்காத கழிவுநீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் ஆக்சிஜனை உறிஞ்சும் அளவுக்குக் கனமானது. அதைச் சுத்திகரித்து 100க்குக் கீழே கொண்டுவந்துதான் ஆற்றில் விட வேண்டும் என்பது பொதுவான வரம்பு. ஆறு நிறைந்து ஓடினால் சிறு கசிவு கரைந்துவிடும், வற்றிய ஆற்றில் அதே கசிவு மீனைப் புரட்டிப் போட்டுவிடும். நீர் எடுக்கும் நிலையங்கள், மணல் அள்ளும் இடங்கள், கரை சரிந்த இடங்கள் என்று எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. மீன் படம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பின்னணியில் பாலம், மலை முகடு, பாறை எதுவும் தெரியாமல், மழை வந்து ஆறு ஏறிய பிறகு கொடுங்கள். ஆற்றின் பேரே வேண்டாம், பேராக் மாநிலம் என்றால் போதும். நீங்களும் இந்தப் பொதுக் கேள்வியில் பாலத்தைக் குறித்து எழுதிய அந்த வரியை அழித்துவிடுங்கள். நான் அதை இங்கே திருப்பிச் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள்.

இன்னொரு ஆளையும் நாம் மறந்துவிடுகிறோம். ஆற்றின் மேல்பகுதியில் தெமியார் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். நமக்கு அது சனிக்கிழமைப் பொழுது, அவர்களுக்கு அது அடுப்பில் ஏறும் சாப்பாடு. வறட்சியில் மற்ற இடமெல்லாம் காய்ந்தபிறகு மிச்சமிருக்கும் மடுவில் வெளியூர்க்காரர்கள் விளையாட்டுக்காகக் கொக்கி வீசுவது அவர்கள் கண்ணுக்கு எப்படி இருக்கும்? மேலே போகும்போது அவர்கள் ஊர்த் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்து, எந்த இடம் போகலாம் எந்த இடம் கூடாது என்று கேளுங்கள். கூடாது என்றால் திரும்பி வந்துவிட வேண்டும். சபாவில் தாகால் என்ற வழக்கம் இருக்கிறது. ஆற்றின் சில பகுதிகளைக் கிராமத்தார் தாங்களே மூடி வைப்பார்கள். சிவப்புப் பகுதியில் எப்போதும் பிடிக்கக் கூடாது, மற்ற இடங்களில் ஊர் முடிவு செய்த நேரத்தில் மட்டும். ரானாவ் பக்கம் மோரோலி ஆற்றில் மீன் காலைச் சுற்றி மொய்க்கும் அளவுக்குப் பெருகியது அப்படித்தான். தீபகற்பத்தில் கோலகுபுபாருவுக்கு அருகே சிலிங் ஆறும், தாமான் நெகாராவில் லுபோக் தெனோரும் மீன் காப்பிடங்களாக இருக்கின்றன. மடு ஒன்றை விட்டுவைத்தால் ஆறு முழுக்க மீன் பரவும் என்பது அங்கெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது.

உங்கள் கடைசிக் கேள்வி, மழை வந்த அன்றைக்கே போகலாமா என்பது. வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் பெருமழையில்தான் கெப்பாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் நீர்ச்சுவர் அதிகம் ஏமாற்றும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் நம் பக்கம் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். அதுவும் தித்திவாங்சா மலையில் கொட்டும், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். 2021 ஆகஸ்டில் கெடா மாநிலத்தின் ஜெராய் மலையடிவாரத்தில் அப்படி வந்த நீரில் உயிர்கள் போயின. தண்ணீர் திடீரென்று பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறினால், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், பச்சை மண் வாடை அடித்தால், மேலே லோரி வருகிற மாதிரி ஓசை கேட்டால் தூண்டிலைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். கரையோரமாக ஓடாதீர்கள், மேலே ஏறுங்கள். வேலைக் காலத்தில் ஒரு தடவை அளவுப் பலகையில் ஒன்றரை மீட்டர் கால் மணி நேரத்தில் ஏறியதை நின்று பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு மேலே ஒரு சொட்டு மழை இல்லை.

மழை பெய்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நிறம் தெளிந்துகொண்டு வரும்போது போவதுதான் சரி. ஆறு மறுபடியும் ஓட ஆரம்பித்ததும் மடுவில் அடைபட்டவை மேலும் கீழும் பரவிவிடும். செபாராவ் வேகமான தண்ணீரின் ஓரத்தில், கல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும். பிடிப்பது கஷ்டமாக இருக்கும், 14 கிடைக்காது. இரண்டு கிடைத்தால் நல்ல நாள்.

இந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வேலை சொல்கிறேன். பெரிய சாலைப் பாலத்தின் நடுத் தூணைப் பாருங்கள். கான்கிரீட் ஊற்றியபோது பலகை பதிந்த வரிகள் தூண் முழுக்க ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தெரியும். இப்போது தண்ணீர் எந்த வரியில் நிற்கிறது என்று ஒரு படம் எடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு படம். நான் அந்தத் தூணில் கீழிருந்து நான்காவது வரி நனைந்தால்தான் மேல் ஆற்றுக்குப் போவேன். இது எந்த ஆய்விலும் வந்த அளவு இல்லை, பல வருஷம் பார்த்துப் பழகி எனக்கு நானே வைத்துக்கொண்டது. உங்கள் கால் போகும் இடத்துக்கு உங்கள் வரி வேறாக இருக்கலாம். நாலாம் வரி நனைந்து, நிறம் தெளிந்ததும் ஒரு செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போவோம். பிளையர் நான் எடுத்து வருகிறேன்.